ஜப்பான் கிரீன் டீ சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜப்பானில் தேயிலைக்குப் பேர்போன ஷிசுவோகாவில் வேலை பார்ப்பதால், ஊருக்குப் போகிறவர்கள் கையில் டீப் பொட்டலம் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. அடுத்த வாரமே புகார் வருவதும் வழக்கமாகிவிட்டது. "அண்ணா, வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருக்கு" என்பது ஒரு வகை. "வெறும் வெந்நீர்தாண்ணா இது, ஒரு ருசியும் இல்லை" என்பது இன்னொரு வகை. வேடிக்கை என்னவென்றால், ஒரே தோட்டத்து இலையை ஒரே பையிலிருந்து பிரித்துக் கொடுத்திருப்பேன். இலையைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல. அதில் பாதிக்குக் காசே செலவில்லை.

கீழே சொல்வது பெரும்பாலும் சென்ச்சாவுக்கு. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, உருட்டி உருட்டிக் காயவைத்த டீ அது. கியோட்டோவை ஒட்டிய உஜி பக்கத்தில் நாகதானி சோயென் என்பவர் 1738-இல் ஒழுங்குபடுத்திய முறை. பாலும் சர்க்கரையும் இதில் சேராது. நிழலில் வளர்த்த கியோகுரோ, நிழலில் வளர்த்துத் தூளாக்கிய மாட்சா இரண்டும் வேறு கணக்கு. அவை வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## முதலில் ஒரு நிலையான அளவு

இரண்டு சிறிய கோப்பைக்கு 5 கிராம் இலை, 200 மில்லி தண்ணீர், 70 டிகிரி சூடு, ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம். இதை மாற்றாமல் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சரிசெய்ய வேண்டும். ஸ்பூன் கணக்கை நம்ப முடியாது. நீள இலை ஸ்பூனில் காற்றைத்தான் நிரப்பும், தூள் இலை கனமாக உட்காரும். முதல் தடவையாவது தராசில் வைத்துப் பாருங்கள்.

வெப்பமானி வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 டிகிரி இறங்கும். இதற்கென்றே ஜப்பானில் யுஸமாஷி என்று மூக்கு வைத்த கிண்ணம் விற்கிறார்கள். நம் வீட்டு டவராவும் டம்ளரும் அதே வேலையைச் செய்யும். மூன்று நான்கு தடவை மாற்றினால் 70-ஐ ஒட்டி வந்துவிடும். உயரத் தூக்கி ஆற்றினால் இன்னும் சீக்கிரம் இறங்கும். அப்போது இரண்டு தடவை போதும்.

## எந்தப் புகாராக இருந்தாலும் முதல் சோதனை

குளிர்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். இரண்டு பாட்டில்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 கிராம் இலையும் 300 மில்லி தண்ணீரும் போடுங்கள். ஒன்றில் வீட்டில் குடிக்கிற தண்ணீர். மற்றதில் கடையில் வாங்கிய, கால்சியமும் மக்னீசியமும் குறைவு என்று லேபிளில் தெரிகிற தண்ணீர். மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வடிகட்டிக் குடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இலையின் இனிப்பும் சாரமும் இறங்கும். கசப்பும் துவர்ப்பும் மிகக் குறைவாகத்தான் இறங்கும்.

- இரண்டும் நன்றாக இருந்தால் இலையில் குற்றமில்லை, தண்ணீரிலும் இல்லை. நீங்கள் சுடுநீரில் போடும் விதத்தில்தான் கோளாறு.
- கடைத் தண்ணீர் மட்டும் நன்றாக இருந்தால் வீட்டுத் தண்ணீர்தான் காரணம்.
- இரண்டுமே மோசம் என்றால் இலை பழசு, அல்லது வாடை பிடித்துவிட்டது.

இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான புகார்கள் தீர்ந்துவிடுகின்றன. சிலர் இதற்குப் பிறகு சுடுநீருக்குத் திரும்புவதே இல்லை. கோடையில் அதுவும் நல்ல முடிவுதான்.

## கசக்கிறது

### வாயில் வைத்ததுமே கசப்பு

கெட்டில் 'டக்' என்று அணைந்த கையோடு இலைமேல் ஊற்றுகிறீர்களா? அதுதான் காரணம். சூடு கூடக்கூட கேட்டகினும் கஃபீனும் அதிகமாக இறங்கும். கசப்பு அந்த இரண்டிலிருந்தும் வருகிறது. ஆற்றி ஊற்றுங்கள்.

அதைவிட மோசம், பால் டீக்குப் போடுவதைப் போலவே பாத்திரத்தில் தண்ணீரையும் இலையையும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடுவது. யாரும் தாங்களாக இதைச் சொல்ல மாட்டார்கள். நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்புறம், வடிகட்டியில் தங்கிய இலையை ஸ்பூனால் அழுத்திப் பிழிவது. வீணாகப் போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். பிழிந்தால் வருவதோ துவர்ப்பும் இலைத் தூளும். குலுக்குவது, கலக்குவது, டீ பேக்கை மேலும் கீழும் ஆட்டுவது எல்லாம் இதே ரகம்.

இவை எதுவுமே செய்யவில்லை என்றால் காய்ந்த இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஊசி ஊசியாக, பளபளப்பாக இருந்தால் அது சாதாரண சென்ச்சா. பறித்ததும் அரை நிமிடம் போல ஆவி காட்டியது. உடைந்து, பொடிப்பொடியாக, மஞ்சள் கலந்த பச்சையில் இருந்தால் ஃபுகாமுஷி. ஷிசுவோகாவில் ககேகவா, மகினோஹாரா பக்கத்து டீ நிறைய இப்படித்தான் இருக்கும். அதற்கு ஆவி காட்டும் நேரம் இரண்டு மூன்று மடங்கு என்பதால் இலை நொறுங்கிவிடுகிறது. நொறுங்கிய இலையின் சாரம் சட்டென்று இறங்கும். இதற்கு ஒன்றரை நிமிடம் கொடுத்தால் கசக்கத்தான் செய்யும். 30 முதல் 40 விநாடி போதும்.

### ஒரு கோப்பை நன்றாக இருக்கிறது, பக்கத்துக் கோப்பை கசக்கிறது

ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். முதலில் வருவது நீர்த்தது, கடைசியில் வருவது கெட்டி. ஒன்று, இரண்டு என்று கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, திரும்ப இரண்டு, ஒன்று என்று வாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

### முதல் தடவை அருமை, இரண்டாம் தடவை கசப்பு

இந்த இலையை இரண்டு மூன்று தடவை போடலாம். தடவைக்குத் தடவை கெட்டுப்போனால், முதல் தடவை ஊற்றியபோது கெண்டிக்குள் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும். நீங்கள் பேசிக்கொண்டு குடிக்கிற பத்து நிமிடமும் இலை அந்தத் தண்ணீரிலேயே ஊறும். கடைசிச் சொட்டு விழும்வரை கெண்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூடியே இருந்தால் உள்ளே சூட்டில் இலை வெந்துகொண்டிருக்கும். இரண்டாம் தடவைக்குக் காத்திருக்க வேண்டாம். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டது. 80 டிகிரி தண்ணீரை ஊற்றி, பத்துப் பதினைந்து விநாடியில் வடித்துவிடுங்கள்.

### என்ன செய்தும் துவர்ப்பு நாக்கை இழுக்கிறது

பொட்டலத்தைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறிக்கிற முதல் கொழுந்துக்கு ஷின்ச்சா அல்லது இச்சிபான்ச்சா என்று பெயர். பழைய நாட்காட்டிப்படி வசந்தம் பிறக்கிற பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து எண்ணி 88-ஆம் நாள், அதாவது மே 2-ஐ ஒட்டி, பறித்தது விசேஷம் என்று இங்கே நம்பிக்கை. ஜூன், ஜூலையில் வெயில் பட்டு வளர்ந்த இரண்டாம் பறிப்பில் இனிப்பைத் தரும் தியானின் குறைவு, கேட்டகின் அதிகம். முற்றிய இலையில் செய்த பான்ச்சாவிலும் தியானின் குறைவுதான். இதை 70 டிகிரியில் போட்டு இனிப்பு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நேர்மாறாகப் போங்கள்: கொதிக்கிற தண்ணீர், அரை நிமிடம், சாப்பாட்டோடு. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பக்கத்தில் அந்தத் துவர்ப்பு நன்றாகவே இருக்கும்.

எப்போது கடைக்காரரைக் கேட்பது? பொட்டலம் முதல் பறிப்பு என்கிறது, குளிர்நீர்ச் சோதனையிலும் கசக்கிறது என்றால் கேளுங்கள். தட்டில் கொட்டிய இலையின் படம், லேபிளின் படம், நீங்கள் போட்ட அளவு, சூடு, நேரம் இவ்வளவும் அனுப்பினால் போதும். நல்ல டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.

## சப்பென்று இருக்கிறது

### அளவும் நேரமும்

டீ பேக் பழக்கத்தில் ஒரு பெரிய மக்குக்கு இரண்டு கிராம் போட்டால் வெந்நீர்தான் வரும். அளவைச் சரிபாருங்கள். தண்ணீரை ரொம்பவும் ஆறவிட்டு, நேரத்தையும் குறைத்திருந்தாலும் இதேதான். 60 டிகிரிக்கு இறங்கிவிட்டால் இரண்டு நிமிடம் கொடுங்கள். கடைசிச் சொட்டை விட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். கெட்டியான சாரம் அதில்தான் இருக்கிறது.

### தண்ணீர்

கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் படிந்திருக்கிறதா? தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. ஜப்பானில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். அந்தத் தண்ணீருக்கு ஏற்றபடிதான் இந்த டீயைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். சென்னை போர் தண்ணீரில் அதே இலை ஊமையாகிவிடும்: வாசனை எழாது, ருசி மொண்ணையாக இருக்கும், மேலே மெல்லிய ஏடு படரும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளிலிருந்து இந்தப் புகார் எனக்கு வந்ததே இல்லை.

செலவு குறைந்ததில் தொடங்குங்கள். தண்ணீரை நாலைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிவது படிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் எடுத்துத் திரும்பச் சூடாக்குங்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். அது போதவில்லை என்றால் டீக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். 'மினரல் வாட்டர்' என்று உண்மையிலேயே மலை ஊற்றிலிருந்து வரும் விலை உயர்ந்த பாட்டிலை வாங்கிவிடாதீர்கள். அதில் தாது அதிகமாக இருந்து, செலவு செய்து பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். டீக்காக மட்டும் வீட்டுக்கு மென்னீராக்கும் கருவி மாட்டுவது என் கணக்கில் வீண். குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்கிற வீடாக இருந்தால், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அறிக்கையோடு ஆளைக் கூப்பிடுங்கள்.

### பழைய முறைத் தோட்டத்து இலை என்று சொல்லி வாங்கினேன், ருசி மெலிதாக இருக்கிறது

இது பெரும்பாலும் குறையே கிடையாது. இதில் ஏமாந்ததாக நினைப்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாக்கில் கெட்டியாக நிற்கிற சாரம் வேண்டுமென்றால் செடிக்கு நைட்ரஜன் உரம் நிறையப் போக வேண்டும், அல்லது நிழல் கட்ட வேண்டும். உரத்தைக் குறைத்துப் பயிர் செய்கிறவர்களின் டீயில் அந்தக் கெட்டித்தன்மை குறைவு. அதற்குப் பதில் வாசனை தெளிவாக எழும், குடித்த பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு நிற்கும். சூப் குடிக்கிற எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

செடியின் வகையும் காரணம். ஜப்பான் தேயிலைப் பரப்பில் பாதிக்கும் மேல் யபுகிதா என்ற ஒரே ரகம். ஷிசுவோகாவில் 1908-இல் சுகியாமா ஹிகோசபுரோ தேர்ந்தெடுத்த செடியிலிருந்து பதியன் போட்டுப் பரவியது. அதற்கு முன்னால் விதை போட்டு முளைத்த தோட்டங்கள்தான். அவற்றை ஸாய்ராய் என்கிறார்கள். மலைச்சரிவுகளில் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. தோட்டத்துக்குள் நடந்து பார்த்தால் ஒரு செடி கொழுந்து விட்டிருக்கும், பக்கத்துச் செடி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்றின் இலை நீளம், மற்றொன்றின் இலை உருண்டை. எல்லாம் கலந்து வருகிற டீயில் பளிச்சென்ற ஒரு ருசி இருக்காது. சில வருடம் பூ வாசனை, சில வருடம் புல் வாசனை. வருடா வருடம் அதே ருசி வேண்டுமென்பவர்கள் ஸாய்ராய் வாங்காமலிருப்பது நல்லது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ககேகவா, கிகுகவா, ஷிமாதா, மகினோஹாரா, கவானேஹோன் பகுதிகளில் சாகுசபா என்ற முறை இருக்கிறது. தோட்டத்தை ஒட்டிப் புல்வெளியை விட்டுவைத்து, இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம்வரை அந்தப் புல்லை அறுத்துக் கட்டிக் காயவைத்து, நறுக்கித் தேயிலை வரிசைகளுக்கு நடுவே பரப்புவார்கள். பெரும்பாலும் சுசுகி என்ற உயரமான புல். மண்ணில் ஈரம் காக்கும், களை அடக்கும், மெல்ல மட்கும். அறுத்து அறுத்து விடுவதாலேயே அந்தப் புல்வெளிகளில் அரிய செடிகள் பிழைத்திருக்கின்றன. ககேகவா பெயரையே தாங்கிய, பறக்காத வெட்டுக்கிளி ஒன்றும் அங்கே வாழ்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியம் என்று ஐநா உணவு வேளாண் அமைப்பு 2013-இல் அங்கீகரித்தது. ஆனால் சாகுசபா என்றாலே ரசாயனம் போடாதது என்று அர்த்தம் கிடையாது. புல்லும் போட்டு உரமும் போடுகிற விவசாயிகள் உண்டு. இயற்கை விவசாயம்தான் வேண்டுமென்றால் பொட்டலத்தில் ஜப்பானின் இயற்கை விவசாயச் சான்றான ஜாஸ் ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சரி, மெலிதாக இருக்கிற இந்த இலையை எப்படிப் போடுவது? இலையை ஒரு கிராம் கூட்டுங்கள், சூட்டை 80-க்கு ஏற்றுங்கள். இதில் தியானின் அளவு குறைவு என்பதால் 60 டிகிரியில் கெஞ்சிக்கொண்டிருந்து பிரயோஜனமில்லை. சூட்டில்தான் வாசனை எழும். மூன்றாவது தடவைகூட நன்றாக வரும்.

## நிறம் சரியில்லை

### பச்சையாக இல்லை, வெளிர் மஞ்சளாக இருக்கிறது

சாதாரண சென்ச்சாவின் நிறமே அதுதான். விளம்பரத்தில் பார்க்கிற அடர்பச்சை ஃபுகாமுஷியோ மாட்சா தூவியதோ ஆக இருக்கும். உரெஷினோ பக்கத்து, இரும்புச் சட்டியில் வறுத்த காமாயிரிச்சா இன்னும் வெளிறிய பொன்னிறம். குடியுங்கள்.

### பழுப்பாகிவிடுகிறது

ஊற்றிய உடனேயே பழுப்பு என்றால் தண்ணீர் காரத்தன்மை கூடியது; மேலே சொன்ன தண்ணீர் வைத்தியம்தான். ஊற்றும்போது நன்றாக இருந்து அரைமணி நேரத்தில் பழுப்பானால் காற்றுப் பட்ட மாற்றம், எல்லா டீக்கும் நடக்கும். நல்ல தண்ணீரிலும் ஆரம்பத்திலிருந்தே பழுப்பு, காய்ந்த இலையும் மங்கிப் போயிருக்கிறது என்றால் இலை பழசு.

### கறுத்து, சாம்பல் பூத்த மாதிரி

தண்ணீரில் இரும்பு. போர் தண்ணீர் வாளியில் செம்பழுப்புக் கறை விடுகிறதா என்று பாருங்கள். அல்லது துருப்பிடித்த இரும்புக் கெட்டில். அதற்குக் கீழே வருகிறேன்.

## கலங்கல், தூசு, அடைப்பு

மேலே வெள்ளைத் தூசு மாதிரி மிதக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நுண்ணிய முடி முடியாக மினுங்கினால் அது இளங்கொழுந்தின் பூனைமயிர். நல்ல முதல் பறிப்புக்கு அடையாளம். கெட்டியாகப் போட்ட டீ ஆறி ஃபிரிட்ஜுக்குப் போனதும் கலங்குவதும் கெட்டுப்போனதால் அல்ல. கேட்டகினும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. சூடாக்கினால் தெளியும்.

அடியில் பச்சை வண்டல் தங்கினால் ஃபுகாமுஷி. விருப்பமில்லை என்றால் சன்னமான வடிகட்டி. கெண்டியின் மூக்கே அடைத்துக்கொண்டு ஊற்ற மறுத்தால், கெண்டிக்குள் இருக்கிற வடிகட்டியைப் பாருங்கள். டோகோநாமே மண் கெண்டியில் சுவரிலேயே பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பார்கள்; பழைய பல் துலக்கியால் உள்ளிருந்து தேய்த்து, வெளியிலிருந்து மூக்கு வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சோப்பு கூடாது, மெருகில்லாத மண் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். கம்பி வலை என்றால் சோடா உப்புக் கரைசலில் இரவு ஊறவிடுங்கள். வலை கழன்றுவிட்டால் ஊர்ப் பாத்திரக்கடையில் தேட வேண்டாம். விட்டம் மாறினால் பொருந்தாது; கெண்டி வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

ஊற்றும்போது மூக்கின் அடியில் டீ வழிந்து மேசையில் சொட்டுகிறதா? மூக்கு நுனியில் ஒளி ஊடுருவுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். வழியில் உடையாமலிருக்கப் போட்டது அது. கெண்டியின் பாகம் என்று நினைத்து வருடக்கணக்கில் அப்படியே விட்டிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்வளையத்தில் கறுப்பாக, வழவழவென்று பூஞ்சை படிந்திருக்கும். கழற்றி எறியுங்கள், சொட்டுவதும் நின்றுவிடும்.

கெண்டி விரிசல் விட்டிருந்தால் கடையில் விற்கும் பசையை வைத்து ஒட்டாதீர்கள், சுடுநீர் படுகிற இடம். மனதுக்குப் பிடித்த கெண்டி என்றால் உருஷி அரக்கு வைத்து ஒட்டும் கைவினைஞரிடம் கொடுக்கலாம். மாதக்கணக்காகும், புதுக் கெண்டியைவிட அதிகம் செலவாகலாம்.

## வாசனை சரியில்லை

### கடற்பாசி வாசனை

நிழல் கட்டி வளர்த்த இலைக்கு அது இயல்பு. கியோகுரோவுக்கும் மாட்சாவுக்குமான இலையைப் பறிப்பதற்கு மூன்று வாரம் போல முன்னால் வெயில் படாமல் மூடிவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை. உஜியில் சிலர் இன்னும் நாணல் தட்டி விரித்து அதன்மேல் வைக்கோல் பரப்புகிறார்கள். வைக்கோல் நிழலில் வளர்ந்து கையால் பறித்த யாமே கியோகுரோவுக்கு 2015-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாசனைக்காகத்தான் அத்தனை விலை. மீன் வாடை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். கியோகுரோவுக்கு அளவு வேறு: 50 டிகிரி, இரண்டரை நிமிடம், ஆளுக்கு மூன்று கிராமும் இரண்டு மேசைக்கரண்டிக்குள் தண்ணீரும். கொஞ்சமாகத்தான் வரும், அப்படித்தான் வர வேண்டும்.

### சமையலறை வாடை

பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், சாம்பார் பொடி இருக்கிற அலமாரியில் வைத்திருந்தால் போச்சு. இந்த இலை எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும், திரும்ப விடாது. மீட்க வழியில்லை. அடுத்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், மசாலாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

### வாசனையே இல்லை

தேதியைப் பாருங்கள். ஜப்பான் பொட்டலத்தில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுவார்கள். 25.08.10 என்றால் 2025 ஆகஸ்ட் 10. நம் வழக்கப்படி நாளை முதலில் வைத்துப் படித்துவிட்டு, இதென்ன பத்தாம் வருடத்துச் சரக்கா என்று கேட்டவர்கள் உண்டு. தேதி தாண்டாவிட்டாலும், பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் வாசனை இறங்கியிருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டே வாரம். 100 கிராம் பையைவிட 50 கிராம் பை இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பிரிக்காத பையை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்த உடனே பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை அரைநாள் விடுங்கள். சில்லென்ற இலையில் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், அதோடு அந்தப் பை முடிந்தது.

வாசனை போன இலையை வறுத்து ஹோஜிச்சா ஆக்கலாம். எண்ணெய் படாத சட்டி வேண்டும். தோசைக்கல்லைத் தொட வேண்டாம். சிறு தீயில் இலையைப் பரப்பி, சட்டியை ஆட்டிக்கொண்டே இருங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் பச்சை மங்கி, காம்புகள் உப்பும், புகை எழுவதற்குச் சற்று முன்னால் வறுவல் மணம் வீடு முழுக்க வரும். அப்போதே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியில் விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். கொதிநீர், அரை நிமிடம். ஆனால் பூஞ்சை வாடை, கட்டி தட்டிய இலை, வெள்ளை நூல் என்று எது தெரிந்தாலும் வறுக்கக் கூடாது, எறிந்துவிடுங்கள்.

## இரும்புக் கெட்டில் துரு விடுகிறது

முதலில் உள்ளே பாருங்கள். வழவழவென்று கறுப்பு எனாமல் பூசியிருந்தால் அது டீ ஊற்றும் பாத்திரம். அடுப்பில் வைக்கவே கூடாது. பூச்சு இல்லாத, தண்ணீர் கொதிக்கவைக்கும் நம்பு டெட்சுபின் என்றால் உள்ளே செந்நிறத் திட்டு வருவது சகஜம். தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். தண்ணீரே சிவந்தால், குடித்து முடித்த கிரீன் டீ இலையைத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டு, இருபது முப்பது நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். டானினும் இரும்பும் சேர்ந்து தண்ணீர் மைக்கறுப்பாகும். துருவின் மேல் கறுப்புப் படலம் ஏறும். ஆறியதும் கொட்டிவிட்டு, மறுநாளும் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை, அல்லது அடியில் கசிகிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. இவாத்தே மாகாணத்து மொரியோகா, மிசுசவா பட்டறைகளில் பழுது பார்ப்பார்கள்.

## மாட்சா

கட்டி தட்டுகிறது என்றால் சலிக்கவில்லை. சலித்த 2 கிராம் தூள், 80 டிகிரியில் 70 மில்லி. நுரை வரவில்லை என்றால் மூங்கில் துடைப்பத்தை முதலில் வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்தீர்களா, கிண்ணத்தின் அடி அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாகக் கலக்கக் கூடாது, மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னும் வேகமாக அடிக்க வேண்டும். அதற்கும் வரவில்லை, நிறம் காக்கியாக இருக்கிறது என்றால் சமையலுக்கான தூளை வாங்கியிருக்கிறீர்கள். கேக்கில் போடுங்கள்.

## வயிறும் தூக்கமும்

வெறும் வயிற்றில் குடித்துக் குமட்டினால் சாப்பிட்ட பிறகு குடித்துப் பாருங்கள்; அளவையும் மெலிதாக்குங்கள். தூக்கம் வரவில்லை என்றால் எதைக் குடித்தீர்கள் என்று பார்க்க வேண்டும். ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 மில்லிக்கு சென்ச்சாவில் 20 மில்லிகிராம் கஃபீன், காபியில் 60, கியோகுரோவில் 160. கியோகுரோவை யாரும் 100 மில்லி குடிப்பதில்லை என்றாலும், அதை சென்ச்சா மாதிரி டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு விடியவிடிய விழித்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மாலைக்குப் பிறகு பான்ச்சாவுக்கு மாறுங்கள்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் டீயையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இடைவெளி விட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மாட்சாவைத் தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதில் இலையையே விழுங்குவதால் வைட்டமின் கே முழுவதும் உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஒரு நாளைக்கு எவ்வளவு கஃபீன் போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் மாட்சாவிலேயே 60 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். வடிகட்டிய சென்ச்சாவும் மாட்சாவும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல என்பதால், டாக்டரிடம் 'கிரீன் டீ' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த டீ, எத்தனை கோப்பை என்று சொல்லுங்கள்.